ரெக்கார்டில் இல்லாத பிட்

ஏப்ரல் 7, ஞாயிறு

இந்த டைரி என் மனைவி அமலிக்குத் துணிக்கடைக்காரர் கொடுத்தது. அவள் தையல் அளவு எழுத வேறு நோட்டு வைத்திருக்கிறாள். அதனால் மூன்று மாதம் சும்மா கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். ஒருவரிடமும் சொல்ல முடியாத எரிச்சல் ஒன்று இருக்கிறது, இதில்தான் கொட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை கொடைக்கானலில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் மெல்லிசைக் குழுவில் இருபத்தாறு வருடமாக நான்தான் கிட்டார். சேசுராஜ் என்று பெயர் சொல்லிக் கேட்டால் திண்டுக்கல்லில் பத்துப் பேருக்குத் தெரியாது. 'ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே வாசிப்பாரே, அவரு' என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் தெரியும். பாட்டுக்கு நடுவில் வருகிற கிட்டார் பிட் ஒவ்வொன்றும் சினிமாவில் எப்படியோ அப்படியே. ஒரு இழுப்புகூட மாறாது. தற்பெருமை இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை டிபனுக்குப் பிறகு மனோகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குழுவை நடத்துகிறவனும் அவன்தான், கீபோர்டும் அவன்தான். கிட்டார் சத்தமும் இப்போது கீபோர்டிலேயே வந்துவிடுகிறது, தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன் என்றான். நானும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேனில் நெருக்கடியாக இருந்ததால் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எரிச்சல் அதைப் பற்றி இல்லை. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஏரிப் பக்கம் ஒரு பேக்கரியில் டீ குடிக்க உட்கார்ந்தேன். கடைக்காரப் பெண், ஹெலன் சுகந்தி, நாற்பது வயது இருக்கும், கையில் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டு மௌத் ஆர்கனை எடுத்தார். கூட ஒருவர் மைக், ஆம்ப்ளிபையர் எதுவும் இல்லாமல் வெறும் கிட்டாரில் வாசித்தார். சனிக்கிழமை மத்தியானம்தோறும் அங்கே இது நடக்குமாம். ப்ளூஸ் என்றார்கள். மொத்தம் மூன்றே கார்டு, மூன்று ஸ்வரக் கூட்டு. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக் கட்டில் ஒரு சுற்று முடிந்து திரும்பவும் முதலிலிருந்து. ஒரே சரணத்தில் பதினோரு கார்டு மாற்றுகிறவன் நான். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஹெலன் என் கிட்டார் உறையைப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே, நீங்களும் வாசிங்க" என்றார். எண்பதுகளில் வந்த ஒரு பாட்டின் முன்னிசையை முழுக்க வாசித்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

ஹெலனும் தட்டினார். தட்டிவிட்டு, "அப்படியே படத்துல இருக்குற மாதிரி இருக்குண்ணே. இப்ப ஒங்களோடத வாசிங்க" என்றார்.

என்னோடது என்று என்னிடம் எதுவும் இல்லை. டீ ஆறிப்போயிற்று என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10, புதன்

பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. அமலி தைக்கிறாள், நான் பித்தான் கட்டுகிறேன். இன்று நாற்பத்திரண்டு சட்டை.

மற்ற நேரத்தில் போனில் ப்ளூஸ் கேட்டேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் பாடியது, பருத்திக்காட்டு வேலையிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. கட்டைவிரல் தடித்த கம்பியில் தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், மற்ற விரல்கள் மேலே பேச வேண்டும். பழைய ரெக்கார்டு ஒன்றில் ஒரு ஆள் வாசிப்பதைக் கேட்டு எழுதிக்கொண்டேன். மூன்று நாளில் எடுத்துவிடுவேன். அந்தம்மா வாயடைத்துப் போகட்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

எடுத்துவிட்டேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

ஏப்ரல் 13, சனி

அமலியிடம் ஒட்டன்சத்திரத்தில் கச்சேரி என்று சொல்லிவிட்டுக் கொடைக்கானல் போனேன். மூன்றரை மணி நேரம், வளைவுக்கு வளைவு பின் சீட்டுக்காரர் வாந்தி.

பேக்கரியில் நான் எடுத்ததை வாசித்தேன். ஹெலன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் சிரித்தார்.

"அண்ணே, அந்த மனுசன் அன்னைக்கு அந்த நேரத்துல என்ன தோணுச்சோ அத வாசிச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாள் அவரே வேற மாதிரிதான் வாசிச்சிருப்பாரு. நீங்க அத மனப்பாடம் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க."

"தப்பில்லாம வாசிச்சேன்ல?"

"தப்பே இல்லண்ணே. அதான் பிரச்சன."

பிறகு அவர் மௌத் ஆர்கனில் இரண்டு பார் வாசித்து நிறுத்தினார். அடுத்த இரண்டு பாரில் நான் பதில் சொல்ல வேண்டும். அவர் நிறுத்திய இடத்தில் என் கட்டைவிரல் மட்டும் நடந்துகொண்டிருந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் கட்டைவிரல்தான். பஃப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னையே பார்த்தது. காது சுட்டது.

கிளம்பும்போது ஹெலன் ஒரு விஷயம் சொன்னார். அவரோடு வாசித்த ஆள் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போகிறார். ஜூலை ஆறாம் தேதி மத்தியானம் அங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் ஹெலனுடைய கச்சேரி, ஒரு மௌத் ஆர்கன், ஒரு கிட்டார்.

"ஒங்க விரல் மாதிரி இந்த மலையில ஒருத்தருக்கும் இல்லண்ணே. நீங்க வர்றீங்களா? ஒண்ணே ஒண்ணுதான், எழுதிவச்சு வாசிக்கக் கூடாது."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் இதைச் செய்ய முடியாவிட்டால் நான் இருபத்தாறு வருடம் ஒரு டேப் ரெக்கார்டராகத்தான் இருந்திருக்கிறேன். கீபோர்டு என் இடத்தை எடுத்ததில் தப்பே இல்லை என்று ஆகிவிடும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை பிறந்தது. சித்திரையில் கச்சேரிகள் குறைவுதான்.

ஏப்ரல் 15, திங்கள்

மேலே எழுதியது பொய். சித்திரையில்தான் ஒரு நாளைக்கு இரண்டு ஊரில் கச்சேரி இருக்கும்.

ஏப்ரல் 26, வெள்ளி

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அவர் கேட்பது இரண்டு பார்தானே? இரண்டு பார் அளவில் நாற்பது பதில்களை நானே உண்டாக்கி, நம்பர் போட்டு எழுதி, மனப்பாடம் செய்துவிட்டேன். எதுவும் யாருடைய ரெக்கார்டிலும் இல்லை. எல்லாம் என்னோடது. பதினேழாம் நம்பர் எனக்கே பிடித்திருக்கிறது.

இன்று பித்தான் கட்டும்போது ஒரு சட்டையில் பித்தானை முதுகுப் பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். அமலி பார்த்தாள், பேசாமல் பிரித்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 27, சனி

அவர் மெதுவாக, அழுகிற மாதிரி ஒன்று வாசித்தார். நான் பதினேழாம் நம்பரை எடுத்து விட்டேன்.

ஹெலன் மௌத் ஆர்கனைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு நான் கேக்குறேன். நீங்க சாம்பார் நல்லாருக்குன்னு சொல்றீங்க."

சட்டைப் பையிலிருந்த நோட்டு எட்டிப் பார்த்திருக்கிறது. வாங்கிப் பார்த்தார். நாற்பது நம்பரையும் பார்த்துவிட்டு அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, மன்னிச்சுக்குங்கண்ணே என்று சொல்லி எனக்கு ஒரு தேங்காய் பன் எடுத்து வைத்தார். நான் சாப்பிடவில்லை. நல்ல பன் அது, பாதி வழியில் பசித்தபோது வருத்தப்பட்டேன்.

இனி மூன்றே ஸ்வரம்தான், ஒரே கம்பியில், என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நோட்டு அவரிடமே இருக்கிறது.

மே 5, ஞாயிறு

மூன்று ஸ்வரம். கல்யாணத்தில் சேரை எண்ணுகிற வேலைக்குக்கூட இதைவிட அதிகம் யோசிக்க வேண்டும்.

சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் குழுவின் புது பேனரைப் பார்த்தேன். என் படம் இருந்த இடத்தில் ரோஜாப்பூ போட்டிருந்தார்கள். அமலி அந்தப் பக்கம் பார்க்கும் முன் கத்தரிக்காய் விலை கேட்கிற மாதிரி அவளை வண்டிக்காரரிடம் திருப்பிவிட்டேன். பிறகு அரை கிலோ வாங்க வேண்டியதாகிவிட்டது.

மே 11, சனி

போனேன். வாசித்தேன். வரவில்லை.

மே 18, சனி

போகவில்லை. கச்சேரி ரத்து என்று அமலியிடம் சொன்னேன். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். மெஷின் சத்தம் நிற்கவே இல்லை.

மே 22, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று தண்ணீர் வருகிற நாள். எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு முறை வரும். அமலி துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கக் கடைக்குப் போகும்போது, குடத்தை வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த மூன்று ஸ்வரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வந்தது, நின்றது, எனக்குத் தெரியவே இல்லை. அவள் வந்து காலிக் குடத்தைப் பார்த்தாள்.

"தண்ணி வரும், கொடத்த வைங்கன்னு சொல்லிட்டுப் போனேன்."

"இல்ல அமலி, நான்…"

"தண்ணி வரும், கொடத்த வைங்கன்னு சொல்லிட்டுப் போனேனா இல்லையா?"

"சொன்ன, ஆனா…"

"எட்டு நாளைக்கு இனிமே எதக் குடிப்போம், அந்தப் பொட்டியப் பிழிஞ்சு குடிக்கவா?"

கிட்டார் மடியில் இருந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் தடித்த கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் விடவில்லை.

"ஒட்டன்சத்திரத்துல கச்சேரின்னு சொல்லிட்டுப் போனீங்க."

"இல்ல அமலி…"

"ஒட்டன்சத்திரத்துல கச்சேரின்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான போனீங்க?"

நான் கிட்டாரைப் பார்த்தேன்.

"மனோகர் சம்சாரம் ஜாக்கெட் தைக்க வந்தப்பவே எனக்கு எல்லாம் தெரியும், ஒங்க வாயால வரட்டும்னுதான் ஒன்றர மாசமா காத்துக்கிட்டிருக்கேன்!"

இருபத்திரண்டு வருடமாக என்னைத் திட்டுகிறாள். இன்றுதான் எனக்குக் கேட்டது. ஒரு வரி சொல்கிறாள். அதே வரியை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறாள். மூன்றாவது வரியில் அடிக்கிறாள். வரிக்கு வரி நடுவில் நான் 'இல்ல அமலி' என்று முனகுவதற்கு இடம் விடுகிறாள். பன்னிரண்டு பார். எந்த ப்ளூஸ் ரெக்கார்டிலும் இப்படித்தான் இருக்கிறது. அந்த முனகுகிற இடத்தில்தான் கிட்டார் வர வேண்டும். ஹெலன் இத்தனை நாள் எனக்கு விட்டு வைத்ததும் அந்த இடம்தான்.

வாய் வரவில்லை, கை வந்தது. ஒரு கம்பியில் மூன்று ஸ்வரம், கடைசியில் கம்பியை மேலே தள்ளி, அடுத்த ஸ்வரத்தில் போய்ச் சேராமலேயே விட்டேன்.

அமலி இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இப்ப அதுல என்ன சொன்னீங்க?"

"மன்னிச்சிருன்னு."

"சரியாக் காதுல விழல. இன்னொரு தடவ சொல்லுங்க."

இன்னொரு தடவை வாசித்தேன். வேறு மாதிரி வந்தது. மூன்றாவது தடவை அதுவும் இல்லாமல் வேறு மாதிரி வந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவங்க வெளிய அனுப்புனா என்ன, எங்கிட்டச் சொன்னா நான் என்ன ஒங்களக் கொறச்சாப் பாக்கப் போறேன்?" என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மனோகர் என்னைக் குழுவிலிருந்து அனுப்பிவிட்டான். வேனில் எனக்கு இடம் இருந்தது. என்னால்தான் அவர்களோடு உட்கார முடியவில்லை. எழுதிவிட்டேன், போதும்.

மே 23, வியாழன்

பக்கத்து வீட்டில் நான்கு குடம் கடன் தண்ணீர் சுமந்தேன். சந்தோஷமாகச் சுமந்தேன்.

ஜூன் 1, சனி

அமலியிடம் சொல்லிவிட்டுக் கொடைக்கானல் போனேன். ஹெலன் கேட்டார், நான் பதில் சொன்னேன். ஆறு சுற்று. ஆறாவதில் அவர் புருவத்தைத் தூக்கினார். "யாருகிட்டண்ணே போயிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். வீட்டம்மாவிடம் என்றேன். நம்பவில்லை. தேங்காய் பன் இரண்டு சாப்பிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

அமலிக்கு இது விளையாட்டாகிவிட்டது. மெஷினை மிதித்துக்கொண்டே, "இன்னைக்கு எதுக்குத் திட்டட்டும்?" என்று கேட்கிறாள். என் அக்கா, என் குறட்டை, நான் தொலைத்த குடை, எல்லாவற்றுக்கும் மும்மூன்று வரி வந்தது. சண்டை என்று நினைத்துக் கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தோம்.

சில நாள் வருகிறது, சில நாள் கட்டையாக இருக்கிறது. வராத நாளில் பழைய பதினேழாம் நம்பர் தானாகவே விரலுக்கு வந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

மனோகர் போன். மதுரையில் பெரிய இடத்துக் கல்யாணம். பெண்ணின் அப்பா எண்பதுகளின் பாட்டுப் பைத்தியமாம், கிட்டார் ஆள் மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்கிறாராம்.

"சேசு, ரெக்கார்டுல இருக்குற மாதிரியே வாசிக்க ஒன்ன விட்டா ஆள் இல்லடா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். இனிமே எப்பயும்போல நீ இரு. ஜூலை ஆறாம் தேதி."

அதே ஆறாம் தேதி.

இருபத்தாறு வருடத்தில் அவன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததில்லை. ஏப்ரலில் இதைக் கேட்டிருந்தால் சாமிக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பேன். மதுரைக்குப் போனால் தப்பே வராது. கொடைக்கானலில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது, ஒன்றும் வராமலும் போகலாம்.

அமலியிடம் கேட்டேன். "இதுக்கு நான் திட்டவும் மாட்டேன், சொல்லவும் மாட்டேன்" என்று காலரை மடிக்கப் போய்விட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

மனோகருக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். கரூரில் தங்கவேல் இருக்கிறான், என்னைப் போலவே பிட் எடுக்கிறவன், நன்றாக வாசிப்பான், அவனைக் கூப்பிடு என்று நம்பரும் கொடுத்தேன். போனை வைத்துவிட்டு நான்கு முட்டை வாங்கி வந்து நானே சமைத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

கடைசிச் சீருடை கட்டுப் போய்ச் சேர்ந்தது. புதுக் கம்பி மாற்றினேன். அமலி பீரோவிலிருந்து ஸ்வெட்டர் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். திண்டுக்கல் வெயிலில் ஸ்வெட்டரைப் பார்த்துத் தெருவே கேட்கிறது, அவளும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஜூலை 7, ஞாயிறு

நேற்று மழை. மண்டபத்தில் எண்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் ஈரக் குடையோடு. மைக் இல்லை. இரண்டு நாற்காலி மட்டும். இரண்டாவது வரிசையில் அமலி ஸ்வெட்டரைக் கழுத்து வரை பூட்டி உட்கார்ந்திருந்தாள்.

முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. ஒழுங்கு என்றால், மோசமில்லை. மூன்றாவதில் ஹெலன் யாரும் எதிர்பார்க்காமல் வேகத்தைக் குறைத்து ஒன்று வாசித்தார். பேக்கரியில் ஒருநாளும் அதை வாசித்ததில்லை. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

பதினேழாம் நம்பர் விரல் நுனியில் வந்து நின்றது. போ என்றேன். அது போன பிறகு அங்கே எதுவுமே இல்லை. இரண்டு பார் முழுக்க என் கட்டைவிரல் மட்டும் நடந்தது. யாரோ இருமினார். அதே வரியை ஹெலன் இன்னும் அழுத்தி வாசித்தார். நான் அப்போதும் சும்மா இருந்தேன். ஆனால் இந்த முறை காது சுடவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது, இத்தனை வருசமும் எங்கே இருந்தீங்க என்பது.

சொன்னேன். ஒரு ஸ்வரத்தில் ஆரம்பித்தேன், அதையே நான்கு தடவை, நான்கு விதமாக. மேடையின் ஓரத்தில் நின்றதைச் சொன்னேன். பாட்டுக்காரருக்கு மாலை விழும்போது வயரைச் சுருட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். வேனில் ஏறாமல் ரோட்டில் நின்றதைச் சொன்னேன். நடுவில் ஒரு இடத்தில் விரல் தவறி வேறு ஸ்வரத்தில் விழுந்தது. ரெக்கார்டில் இல்லாத ஸ்வரம், பன்னிரண்டு பாரிலேயே இல்லாத ஸ்வரம். அதையும் விடாமல் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். முன் வரிசையில் ஒரு பெரியவர் "அட!" என்றார்.

சுற்று முடிந்தது. ஹெலன் உள்ளே வர வேண்டிய இடம். அவர் மௌத் ஆர்கனை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு சுற்று போங்க என்று கையைக் காட்டினார். போனேன். இன்னொன்று. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிரிப்பாக இருந்தது. மழை தகரக் கூரையில் விழுகிற சத்தம் கட்டைவிரலோடு சேர்ந்துகொண்டது. ஐந்து சுற்று என்று பிறகு சொன்னார்கள்.

முடித்தேன். அப்புறம் எழுந்துவிட்டார்கள், எண்பது பேரும். அமலி மட்டும் எழவில்லை, முகத்தை ஸ்வெட்டர் கையில் புதைத்திருந்தாள். ஹெலன் என் தோளில் ஒரு அடி அடித்து, "அண்ணே, இனிமே சனிக்கிழம கடைக்கு லீவு போட்டீங்கன்னா மலையேறி வந்து ஒதைப்பேன்" என்றார்.

"திண்டுக்கல்லுக்கு மலையேற வேண்டியதில்லம்மா, எறங்கணும்" என்றேன். இரண்டு பேரும் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியவில்லை.

பஸ்ஸில் அமலி ஜன்னல் ஓரம். வத்தலகுண்டு வந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தாள். பிறகு, "நான் திட்டுறத விட நல்லாத்தான் திட்டுறீங்க" என்றாள்.

ஜூலை 10, புதன்

இன்று பதினோரு மணிக்குக் கரூர் தங்கவேல் போன் செய்தான். மதுரைக் கல்யாணத்துக்கு நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். நன்றி சொன்னான். அதன் பிறகு தயங்கினான்.

"அண்ணே, கொடைக்கானல்ல நீங்க வாசிச்சத யாரோ போன்ல எடுத்துப் போட்டிருக்காங்க. ரெண்டு நாளா அதத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன். முக்காவாசி எழுதிட்டேண்ணே."

"எதுக்குடா?"

"அப்படியே வாசிக்கணும்ணே, ஒரு இழுப்புகூட மாறாம. ஒரே ஒரு எடம்தான் சிக்க மாட்டேங்குது. மூணாவது சுத்துல ஒண்ணு தள்ளுறீங்க பாருங்க. மூணாவது ஃப்ரெட்டுன்னா கம்மியா இருக்கு, நாலாவதுன்னா கூட இருக்கு. எந்த ஃப்ரெட்டுண்ணே அது?"

கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, அவனை இருக்கச் சொல்லிவிட்டுத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது ஃப்ரெட் கட்டையில் விரல் வைத்துக் கம்பியைத் தள்ளினேன். அது இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அதுவும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது வேறு. போனுக்கு அந்தப் பக்கம் அவன் காத்திருந்தான்.

"தெரியலடா தங்கவேலு" என்றேன். "நீ கண்டுபிடிச்சீன்னா எனக்கும் சொல்லு."